காருக்குள் ஒரு ரிலே அறை

அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய நாட்களில், காரின் மின்சார வேலை பார்ப்பவர் கையில் ஒரு டெஸ்ட் லாம்ப்பும் ஒரு துண்டு ஒயரும் இருந்தால் போதும். ஹெட்லைட் எரியவில்லையா? பாட்டரியிலிருந்து நேராக ஒயரைக் கொடுத்துப் பார்ப்பார். எரிந்தால் பல்பு நல்லது, கோளாறு ஸ்விட்சிலோ ஒயரிலோதான். அரைமணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

இன்று நம் வீட்டு வாசலில் நிற்கும் கார்களில் இந்த முறை செல்லாது. இண்டிகேட்டர் வேலை செய்யவில்லை என்று போனால், "பி.சி.எம். போயிடுச்சு, மாத்தணும்" என்கிறார்கள். பாடி கண்ட்ரோல் மாட்யூல் என்பதன் சுருக்கமே பி.சி.எம். அது என்ன, எங்கே இருக்கிறது, உண்மையிலேயே கெட்டுவிட்டதா என்று கேட்கத் தெரியாததால், சொன்ன தொகையைக் கொடுத்துவிட்டு வருகிறோம். இந்தத் தீவுகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. உதிரிப் பாகம் பெரும்பாலும் சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ கப்பலில் வரவேண்டும். அதுவரை கார் ஷெட்டில் நிற்கும். கெடாத பெட்டியை மாற்றினால் பணமும் போய், கோளாறும் அப்படியே இருக்கும்.

நான் கார் மெக்கானிக் அல்லன். பொறியியல் டிப்ளமா படித்து, தெற்கு இரயில்வேயின் சிக்னல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இப்போது மகள் குடும்பத்தோடு பாம்பூஃப்ளாட்டில் இருக்கிறேன். இரயிலே இல்லாத தீவில் இரயில்வேக்காரருக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. ஆனால் இன்றைய காரின் டேஷ்போர்டுக்குக் கீழே இருப்பது, பணிக்காலம் முழுவதும் நான் பழகிய ரிலே அறையின் சிறிய வடிவமே. அந்த உறவைக் கொண்டே இதை விளக்க முயல்கிறேன்.

ஸ்விட்ச் இப்போது கட்டளையிடுவதில்லை

பழைய காரில் மின்சாரம் பாட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக ஸ்விட்சுக்கு வந்து, அங்கிருந்து விளக்குக்குப் போகும். இரண்டு ஹெட்லைட்டுகள் சேர்ந்து ஏறத்தாழ 10 ஆம்பியர் இழுக்கும். அத்தனை மின்சாரமும் ஸ்விட்சின் உள்ளே இருக்கும் சிறு பித்தளைத் தகடுகள் வழியே போகவேண்டும். தகடு கருகும், ஒயர் சூடாகும். இதைத் தவிர்க்கத்தான் நடுவில் ரிலே வைத்தார்கள். பிறகு பவர் விண்டோ, சென்ட்ரல் லாக், பின் கண்ணாடி ஹீட்டர் என்று வசதிகள் கூடக்கூட, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒயர் இழுத்து, கதவு வழியே போகும் ஒயர்க்கட்டு கை மணிக்கட்டுப் பருமனுக்கு வந்துவிட்டது.

இதற்கு மாற்றாக வந்ததே பி.சி.எம். இதில் ஸ்விட்ச் விளக்குக்கு மின்சாரம் அனுப்புவதில்லை. "இதை எரிய விடலாமா?" என்று ஒரு விண்ணப்பம் மட்டுமே அனுப்புகிறது. அதற்கு மெல்லிய ஒயரும் சில மில்லி ஆம்பியர் மின்சாரமும் போதும். பெட்டியின் உள்ளே இருக்கும் சிறு கணிப்பொறி அந்த விண்ணப்பத்தைப் படித்து, மற்ற நிலைமைகளையும் பார்த்து, பிறகு ரிலே மூலமாகவோ குறைக்கடத்தி ஸ்விட்ச் மூலமாகவோ விளக்குக்கு மின்சாரத்தைத் திறந்துவிடுகிறது.

இரயில் நிலையத்தில் நடப்பதும் இதுதான். ஸ்டேஷன் மாஸ்டர் பேனலில் பொத்தானை அழுத்தியவுடன் சிக்னல் பச்சையாகிவிடுவதில்லை. பொத்தான் ரிலே அறைக்கு விண்ணப்பம் அனுப்பும். தண்டவாளத்தில் வேறு வண்டி நிற்கிறதா, பாயிண்ட் சரியான பக்கம் பொருந்திப் பூட்டிக்கொண்டதா, எதிர்ப்பக்க வழி எதுவும் திறந்திருக்கிறதா என்று ரிலேக்கள் வரிசையாகச் சரிபார்க்கும். எல்லாம் சரி என்றால்தான் பச்சை. அந்த அறை முழுக்க நூற்றுக்கணக்கான ரிலேக்கள் 'டக் டக்' என்று விழுந்து எழும்பும் ஓசை கேட்கும். பிற்பாடு இரயில்வேயிலும் அந்த அறையின் வேலையை மின்னணுப் பெட்டிகள் ஏற்றுக்கொண்டன. காரிலும் அதே மாற்றம்தான் நடந்திருக்கிறது.

ஒரு பொத்தானை அழுத்தினால் நடப்பவை

காரைப் பூட்ட ரிமோட்டை அழுத்துகிறோம். நமக்குக் கேட்பது 'டப்' என்ற ஓசை மட்டுமே. உள்ளே நடப்பதை வரிசையாகப் பார்ப்போம்.

ரிமோட் ஒரு இரகசிய எண்ணை வானொலி அலையாக அனுப்புகிறது. ஒவ்வொரு முறையும் அந்த எண் மாறும். ஆகவே திருடன் ஒருவன் அதைப் பதிவு செய்து மறுநாள் அப்படியே ஒலிபரப்பினால் கதவு திறக்காது. பி.சி.எம். அந்த எண் தன் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். பிறகு கதவுகள் சரியாக மூடியிருக்கின்றனவா, சாவி உள்ளே மாட்டியிருக்கிறதா என்று பார்க்கும். கதவு சரியாக மூடவில்லை என்றால் பல கார்களில் பூட்டு விழாது, ஹார்ன் ஒருமுறை எச்சரிக்கும். எல்லாம் சரி என்றால், நான்கு கதவு மோட்டார்களுக்கும் ஒரு விநாடிக்கும் குறைவான நேரம் மின்சாரம் கொடுக்கும். இண்டிகேட்டரை ஒருமுறை மின்ன விடும். உள்விளக்கை மெல்ல மங்க விட்டு அணைக்கும். திருட்டுத் தடுப்பு முறையை விழித்திருக்கச் செய்துவிட்டுத் தானும் தூங்கப் போகும்.

இண்டிகேட்டரின் 'டிக் டிக்' ஓசையும் இப்படித்தான். முன்பு ஒரு சிறு டப்பாவுக்குள் உலோகத்தகடு சூடாகி வளைந்து அந்த ஓசை எழுந்தது. இப்போது காலக் கணக்கைப் பி.சி.எம். பார்த்துக்கொள்கிறது. ஓசை பல கார்களில் மீட்டருக்குள் இருக்கும் ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது. ஒரு பல்பு எரியாவிட்டால் அந்தப் பக்கம் மின்சாரம் குறைவாகப் போவதைப் பி.சி.எம். கண்டுபிடித்து, ஓசையை வேகமாக்கி நமக்குத் தெரிவிக்கிறது. 'டிக் டிக்' வேகமாகக் கேட்டால் பெட்டி கெட்டுவிட்டது என்று பொருளல்ல. பெட்டி தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்றே பொருள்.

இரண்டு ஒயரில் ஊர்ப் பேச்சு

காரில் பி.சி.எம். தனியாக இல்லை. எஞ்சினுக்கு ஒரு பெட்டி, பிரேக்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று, மீட்டருக்கு ஒன்று என்று பல உண்டு. இவை ஒன்றோடொன்று பேச வேண்டும். உதாரணமாக, கார் ஓடத் தொடங்கியதும் கதவுகளைப் பூட்ட வேண்டுமானால், வேகம் எவ்வளவு என்று பி.சி.எம்.முக்கு யாராவது சொல்லவேண்டும்.

இதற்காக ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983-இல் ஒரு முறையை உருவாக்கத் தொடங்கி, 1986-இல் உலகுக்கு அறிவித்தது. அதன் பெயர் கேன். 1991-இல் வந்த மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் வகுப்புக் கார் இதைப் பயன்படுத்திய முன்னோடிகளில் ஒன்று. அன்று கோடீசுவரர்களின் காரில் இருந்தது இன்று நம் சிறிய காரிலும் இருக்கிறது.

கேன் என்பது முறுக்கிய இரண்டு ஒயர்கள். எல்லாப் பெட்டிகளும் அதே இரண்டு ஒயரில்தான் தொங்குகின்றன. பேச்சு இல்லாதபோது இரண்டிலும் ஏறத்தாழ 2.5 வோல்ட் இருக்கும். பேசும்போது ஒன்று 3.5 வோல்ட்டுக்கு ஏறும், மற்றது 1.5 வோல்ட்டுக்கு இறங்கும். எஞ்சினின் மின்பொறியால் வரும் இரைச்சல் இரண்டு ஒயரையும் ஒரே அளவில் பாதிப்பதால், இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் மாறுவதில்லை. தொலைபேசி ஒயர்களை இரட்டையாக முறுக்கிப் போடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

இரயில்வேயில் கண்ட்ரோல் போன் என்று ஒன்று உண்டு. ஒரே ஜோடி ஒயரில் வழியிலுள்ள எல்லா நிலையங்களும் தொங்கும். இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்கள் ஒரே நேரத்தில் பேசினால் யார் பேச்சும் புரியாது. கேன் முறையில் இந்தக் குழப்பம் இல்லை. ஒவ்வொரு செய்திக்கும் ஒரு எண் உண்டு, எண் சிறியதானால் செய்தி முக்கியமானது. இரண்டு பெட்டிகள் ஒரே கணத்தில் தொடங்கினால், பெரிய எண்ணுக்குரிய பெட்டி தானே வாய்மூடிக் காத்திருக்கும். சிறிய எண்ணுக்குரிய செய்தி ஒரு எழுத்துக்கூடக் கெடாமல் போய்ச் சேரும். பிரேக் பற்றிய செய்தி கண்ணாடி ஏற்றும் செய்திக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இந்த இரண்டு ஒயரின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்கும். பாட்டரியைக் கழற்றிவிட்டு மீட்டரால் இரண்டு ஒயருக்கும் இடையே அளந்தால் ஏறத்தாழ 60 ஓம் காட்டவேண்டும். 120 காட்டினால் ஒரு முனை எங்கோ விட்டுப்போயிருக்கிறது. இந்தச் சோதனைக்கு வேண்டியது சாதாரண மல்டிமீட்டர்தான்.

கதவுக் கண்ணாடி, பக்கக் கண்ணாடி போன்ற சிறு வேலைகளுக்கு லின் என்ற மலிவான முறையும் உண்டு. அதில் ஒரே ஒயர். ஒரு தலைவர் கேட்டால் மட்டும் மற்றவர் பதில் சொல்வார்.

கெட்டாலும் நல்ல பக்கம் கெடவேண்டும்

சிக்னல் துறையில் எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்த பாடம், கோளாறு வந்தால் சிக்னல் சிவப்பாக வேண்டும் என்பது. மின்சாரம் நின்றால் ரிலேயின் தகடு தன் எடையால் கீழே விழும், சிக்னல் சிவப்பாகும். அந்தச் சிந்தனை காரிலும் இருக்கிறது. பல கார்களில் விளக்கு ஸ்விட்சிலிருந்து வரவேண்டிய செய்தி நின்றுபோனால், பி.சி.எம். ஹெட்லைட்டை அணைக்காமல் எரியவே விடும். இரவில் இருட்டில் ஓட்டுநரைத் தவிக்க விடக்கூடாது என்பதே நோக்கம். எனவே ஹெட்லைட் தானாக எரிந்துகொண்டே இருந்தால், விளக்கில் கோளாறு தேடாமல் ஸ்விட்சின் ஒயரைத் தேடுங்கள்.

விபத்திலும் அப்படியே. பல கார்களில் ஏர்பேக் விரிந்த செய்தி வந்ததும் பி.சி.எம். கதவுப் பூட்டுகளைத் திறந்து, நான்கு இண்டிகேட்டர்களையும் மின்ன விடும். ஆனால் பாட்டரியே நொறுங்கிவிட்டால் எந்தக் கணிப்பொறியும் உதவாது. அதனால்தான் 1-7-2019 முதல் இந்தியாவில் தயாராகும் கார்களில், சென்ட்ரல் லாக் இருந்தாலும் கையால் திறக்கும் வழியும் இருக்கவேண்டும் என்று விதி வந்தது. உங்கள் காரில் அந்த வழி எது என்று இன்றே பாருங்கள். சில கார்களில் உள் கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் போதும், சிலவற்றில் இரண்டு முறை இழுக்கவேண்டும். பின் கதவில் சைல்டு லாக் போட்டிருந்தால் உள்ளிருந்து திறக்காது என்பதையும் வீட்டிலுள்ள எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

பாம்பூஃப்ளாட் ஜெட்டியிலிருந்து சாத்தாமுக்கு வாகனப் படகில் காரை ஏற்றுபவர்கள் இதை மனத்தில் கொள்ளவேண்டும். படகில் காரை நிறுத்தியதும் குழந்தைகளையும் பெரியவர்களையும் இறக்கிவிடுங்கள். ஓட்டுநர் உள்ளே இருக்க நேர்ந்தால் சீட் பெல்ட்டைக் கழற்றி, கண்ணாடியை இறக்கி, பூட்டைத் திறந்து வைப்பது நல்லது. கார் நீரில் விழுந்தால் கண்ணாடி மோட்டார் சிறிது நேரமே வேலை செய்யும். கதவோ வெளி நீரின் அழுத்தத்தால் திறக்காது. எனவே முதல் வேலை பெல்ட்டைக் கழற்றிக் கண்ணாடியை இறக்குவதுதான்.

எர்த் என்னும் மறந்துபோன ஒயர்

நம் தீவுக்கு உரிய முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். காரில் மின்சாரம் போவதற்குத்தான் ஒயர். திரும்பி வருவதற்குக் காரின் இரும்பு உடலே வழி. விளக்கிலிருந்து ஒரு குட்டை ஒயர் உடலில் திருகாணியால் பொருத்தப்பட்டிருக்கும். இதுவே எர்த். கடற்காற்றும் ஆண்டின் பெரும்பகுதி பெய்யும் மழையும் சேர்ந்து, இங்கே முதலில் அரிப்பது இந்தத் திருகாணியைத்தான்.

சென்ற மழைக்காலத்துக்குப் பின் எங்கள் தெருத் தம்பி ஒருவர் தம் காரைக் கொண்டுவந்தார். இடது இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து மின்னியது. பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிந்தது. டேஷ்போர்டில் வேகமான 'டிக் டிக்'.

"சார், மாட்யூல் போயிடுச்சாம். சென்னையிலிருந்து வரணுமாம், வந்தபிறகு கோடிங் வேற பண்ணணும்னு சொன்னாங்க" என்றார்.

"வலது பக்கம் எப்படி இருக்கு தம்பி?" என்று கேட்டேன்.

"அது நல்லாத்தான் இருக்கு."

"முன்பக்கம்?"

"அதுவும் சரியா இருக்கு."

பெட்டி ஒன்றுதான். அது கெட்டிருந்தால் கோளாறு ஒரே மூலையில் மட்டும் ஏன் இருக்கவேண்டும்? டிக்கியைத் திறந்து, விளக்கை எரியவிட்டு, பிரேக்கை மிதிக்கச் சொல்லி, இடது பின்விளக்கின் எர்த்துக்கும் பாட்டரியின் நெகட்டிவுக்கும் இடையே மீட்டர் வைத்தோம். 0.2 வோல்ட்டுக்குள் இருக்கவேண்டியது 4 வோல்ட் காட்டியது. திருகாணியைக் கழற்றினால் அடியில் பச்சைப் பாசி போல் களிம்பு. உப்புத்தாளால் தேய்த்து, புதுத் திருகாணி போட்டு இறுக்கி, மேலே வாசலின் தடவினோம். எல்லா விளக்கும் ஒழுங்காக எரிந்தன. செலவு ஒரு திருகாணி.

காரணம் எளிது. எர்த் விட்டுப்போனதால் பிரேக் விளக்கின் மின்சாரம் திரும்பிப்போக வழியில்லாமல், பக்கத்து இண்டிகேட்டர் பல்பு வழியாக வேறு எர்த்தைத் தேடிப் போனது. தான் அனுப்பிய மின்சாரம் குறைவாகப் போவதைப் பார்த்த பி.சி.எம். அதை உண்மையாகவே அறிவித்தது. அந்த அறிவிப்பைக் கேட்டவர் அறிவித்தவரையே குற்றவாளி ஆக்கிவிட்டார்.

தூங்காத பெட்டியும் ஊருக்குப் போகும் குடும்பமும்

காரைப் பூட்டிய சில நிமிடங்களில் பெட்டிகள் எல்லாம் தூங்கிவிடும். அப்போதும் பூட்டுக்கும் கடிகாரத்துக்குமாக ஏறத்தாழ 30 மில்லி ஆம்பியர் போகும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர் மணி. சிறிய காரின் பாட்டரி 35 ஆம்பியர் மணி. இருபத்தைந்து நாளில் பாதி காலி. கோடை விடுமுறைக்குத் தாயகம் போய் இரண்டு மாதம் கழித்து வந்தால் கார் கிளம்பாததில் வியப்பில்லை. ஏதாவது ஒரு பெட்டி தூங்காமல் 300 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஐந்தே நாளில் பாட்டரி காலி. கதவு ஸ்விட்ச் துருப்பிடித்து 'கதவு திறந்திருக்கிறது' என்று பொய் சொன்னாலே இது நடக்கும்.

நீண்ட நாள் ஊருக்குப் போகிறவர்கள் சாவியை எடுத்துப் பத்து நிமிடம் கழித்து, பாட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைக்கலாம். சாவி உங்கள் கையில் இருக்கட்டும், காருக்குள் வேண்டாம். திரும்பி வந்து மாட்டியபின், தானாக ஏறும் கண்ணாடி பழையபடி இயங்க, சில கார்களில் ஸ்விட்சைச் சில விநாடி மேல்நோக்கிப் பிடித்திருக்க வேண்டும். காரின் கையேட்டில் இது இருக்கும்.

கடல்நீர் புகுந்தால்

26-12-2004 ஆழிப்பேரலையின்போது பாம்பூஃப்ளாட்டின் தாழ்வான பகுதிகளில் கடல்நீர் புகுந்ததும், தெற்கு அந்தமானின் நிலமே ஏறத்தாழ ஒரு மீட்டர் இறங்கியதும் பழையவர்கள் மறக்காதவை. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் ஆயிரக்கணக்கான வாகனங்கள் மூழ்கின. நீர் வடிந்ததும் 'ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம்' என்று சாவியைத் திருப்புவது பெருந்தவறு. நனைந்த பெட்டியில் மின்சாரம் பாய்ந்தால் பிழைக்கக்கூடியதும் கருகிவிடும். முதலில் பாட்டரியைக் கழற்றவேண்டும். உப்புநீர் பட்ட கப்ளர்களை மெக்கானிக்கிடம் சொல்லி நன்னீரால் கழுவி, முழுதும் உலர்த்தவேண்டும். உப்பு அன்றைக்கே கெடுக்காது. சில வாரம் கழித்துச் செம்பை அரித்துவிடும்.

மெக்கானிக்கிடம் போகுமுன்

1. பாட்டரியை அளக்கவும். எஞ்சின் ஓடாதபோது 12.4 வோல்ட்டுக்கு மேல் இருக்கட்டும். ஓடும்போது ஏறத்தாழ 14 வோல்ட்.

2. பிறகு ஃப்யூஸ், எர்த், கப்ளர். இந்த மூன்றும் நல்லவை என்று தெரிந்த பின்பே பெட்டியைச் சந்தேகிக்கவும்.

3. ஸ்கேனர் காட்டும் எண்ணின் முதல் எழுத்தைக் கேளுங்கள். 'பி' வகையில் இரண்டு உண்டு. பாடியைக் குறிப்பது ஒன்று, எஞ்சினைக் குறிப்பது மற்றொன்று. எழுதிக் காட்டச் சொல்வது நல்லது. 'யு' என்றால் பெட்டிகளுக்கிடையே பேச்சு தடைப்பட்டது. பல 'யு' எண்கள் சேர்ந்து வந்தால் பாட்டரியையும் எர்த்தையும் முதலில் பாருங்கள். எந்தச் சுற்று முறையிடுகிறது என்பதையே எண் சொல்லும். எதை மாற்றவேண்டும் என்பதைச் சொல்லாது.

4. பாட்டரியிலிருந்து நேர் ஒயர் கொடுத்துச் சோதிக்க விடாதீர்கள். பல்பு வைத்த டெஸ்ட் லாம்ப்பும் சிறு மின்சாரச் சுற்றுகளைக் கெடுக்கலாம். மல்டிமீட்டரே போதும்.

5. எஞ்சின் ஓடும்போது பாட்டரியைக் கழற்றும் பழைய வழக்கம் வேண்டவே வேண்டாம். அப்போது எழும் உயர் மின்னழுத்தம் பெட்டிகளைக் கொல்லும்.

6. துருப்பிடித்த அடித்தகட்டுக்கு வெல்டிங் வைக்குமுன் பாட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள்.

7. வேறு காரின் பழைய பெட்டி மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள். சாவியும் காரின் எண்ணும் அதில் பதிவாகியிருக்கும். மாற்றிப் பதிய முடியுமா என்று கேட்டறிந்த பின்பே பணம் கொடுங்கள்.

பாலிடெக்னிக்கிலும் ஐ.டி.ஐ.யிலும் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. 1998-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கியபின், சென்னையைச் சுற்றிக் கார்த் தொழில் பெருகிவிட்டது. ஸ்கேனரைச் செருகி எண்ணைப் படிக்க ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். மின்சாரம் எங்கிருந்து வந்து எங்கே திரும்பிப் போகிறது என்று ஒரு தாளில் வரைந்து, மீட்டரை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கப் பழகியவருக்கு இத்தீவிலும் தாயகத்திலும் வேலை இருக்கும். அடுத்த விடுமுறையில் வீட்டுக் காரின் எர்த் திருகாணிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடி, ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து பழகுங்கள். வீட்டுக்கும் செலவு மிச்சமாகும்.